ஊரறிய எழுதுவது: சொந்த வலைப்பதிவின் இன்பமும் பொறுப்பும்

வலைப்பதிவு தொடங்க நினைப்பவர்கள் பலர் பெயர் வைத்து, முகப்புப் படம் தேடி, வண்ணம் பார்த்து முடித்துவிட்டு முதல் பதிவில் வந்து நின்றுவிடுகிறார்கள். என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது என்ற தயக்கம்தான் காரணம். சேலம், நாமக்கல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கமே வேண்டாம். நாமக்கல் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு வடநாடு போய் ஆறு மாதம் கழித்து வந்த மாமா உங்கள் வீட்டில் இருப்பார். பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும் என்று சொல்லும் பாட்டி இருப்பார். இவற்றை வெளியூர்க்காரர் வந்து எழுதினால் மேலோட்டமாகத்தான் இருக்கும். உள்ளே இருந்து எழுத உங்களால்தான் முடியும்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலைகளைப் பார்க்கப் போகிறோம். சொந்த அனுபவத்தை ஒரு பதிவாக எழுதி முடிப்பது முதல் வேலை. அந்தப் பதிவால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தெரு, எந்தப் பட்டறை, எந்த ஆள் என்று நுணுக்கமாக எழுதும்போதுதான் எழுத்து உயிர்பெறுகிறது. அதே நுணுக்கம்தான் ஆளையும் அடையாளம் காட்டிவிடுகிறது. ஆகவே முழுக்க எழுதுங்கள், பிறகு சலித்து வெளியிடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கருவிகள்: ஒரு மாலையில் முடிகிற வேலை

1. இடம் தேர்ந்தெடுங்கள். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் காசில்லாமல் தொடங்கலாம். புதியவர்களுக்கு பிளாக்கர் எளிது. ஜிமெயில் கணக்கு இருந்தாலே போதும்.
2. அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை உடனே போட்டுவிடுங்கள். பதிவுகள் நூறாகப் பெருகிய பிறகு கணக்கு களவு போனால் மீட்பது பெரும்பாடு.
3. எழுத்து முறை ஒன்றைப் பழகுங்கள். கணினியில் நீண்ட காலம் எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு இது. சில வாரப் பயிற்சியில் விரல் பழகிவிடும். கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சும் வேகமாகவே இருக்கிறது.
4. வலைப்பதிவுக்கு ஊர்ப்பெயரோ தொழிற்பெயரோ கலந்த சிறிய பெயராக வையுங்கள். குடும்பப் பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் வலைமுகவரியில் வேண்டாம்.

குறிப்பு: குரல்வழித் தட்டச்சுக்குப் பாடநூல் தமிழ் நன்றாகத் தெரியும், நம் பக்கத்துப் பேச்சு அவ்வளவாகத் தெரியாது. நோம்பி, ஒறம்பரை, மேட்டாங்காடு, குச்சிக்கிழங்கு என்று சொன்னால் வேறு எதையாவது எழுதிவைக்கும். ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாருங்கள். பிழைதிருத்தி அடிக்கோடிட்டதே என்று இந்தச் சொற்களை நீக்கிவிடாதீர்கள். எழுத்தாளர் பெருமாள்முருகன் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் திரட்டித்தான் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சொல் ஏதாவது அதில் விடுபட்டிருக்கலாம். அது உங்கள் பதிவில் இருக்கட்டும்.

எதை எழுதுவது

வாழ்க்கை முழுவதையும் எழுதக் கிளம்பாதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு பொருள் போதும். தொடக்கத்தில் வேலையை எழுதுவது நல்லது. உணர்ச்சியை எழுதப் போனால் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். வேலையை எழுதும்போது ஒவ்வொருவரும் தனியாகத் தெரிகிறோம்.

சேகோ மில்லை எடுத்துக்கொள்வோம். ஜவ்வரிசி ஆலை பற்றிய பொதுவான கட்டுரை ஆயிரம் கிடைக்கும். குச்சிக்கிழங்கு லோடு மில்லுக்கு வந்ததும் மாவுச்சத்தைச் சோதித்துப் பாயிண்ட் போடுவார்கள். அந்த எண்ணை எதிர்பார்த்து ஒரு விவசாயி எப்படி நிற்பார் என்பதை அங்கே நின்றவர்தான் எழுத முடியும். கிழங்குப் பால் தொட்டியில் தெளிவது, திப்பியின் புளித்த வாடை, சிமெண்டுக் களத்தில் வெள்ளையாகக் காய்வது, மேகம் கறுத்தால் களத்தில் நடக்கும் ஓட்டம் எல்லாம் அவருக்குத் தெரியும். சேலத்தில் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்குவதற்கு முன் வியாபாரம் எப்படி நடந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் உங்கள் பதிவு ஒரு ஆவணமாகவே ஆகிவிடும்.

இதைப் போலவே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பது, பரமத்திவேலூரில் கொடிக்கால் வெற்றிலையைக் கட்டுவது, முட்டைக்கு அன்றன்று அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துக் கோழிப்பண்ணைக்காரர் போடும் கணக்கு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, தட்டுவடை செட்டில் யார் கடைச் சட்னி காரம் என்ற வாதம் என்று எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது. பெருமாள்முருகனின் 'நிழல்முற்றத்து நினைவுகள்', திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் கண்ட உலகம்தான். அந்த உலகத்தில் அரண்மனை இல்லை, போர் இல்லை. இடைவேளைக் கூட்டமும் சோடாப் புட்டியும் அங்கே வேலை பார்த்த பையன்களும்தான் இருக்கிறார்கள். ஒரு நூலுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஒரு பதிவை எழுதும் வரிசை

1. ஓர் இடம், ஒரு நாள், ஓர் ஆள் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். "என் தாத்தா" என்பது நூலுக்கான பொருள். "தாத்தா சந்தையில் மாடு விற்ற நாள்" பதிவுக்கான பொருள்.

2. வலைப்பதிவின் பெட்டிக்குள் நேராக எழுதாதீர்கள். 'வெளியிடு' பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மனம் அவசரப்படும். நோட்டிலோ கணினியில் தனிக் கோப்பிலோ எழுதுங்கள்.

3. முதல் வரைவில் எதையும் மறைக்காதீர்கள். உண்மைப் பெயர், சண்டை, கடன், கோபம் எல்லாம் வரட்டும். இந்த வரைவை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. இப்போதே பயந்து எழுதினால் பதிவு சவசவ என்று போய்விடும்.

4. தகவலைச் சரிபாருங்கள். நினைவு எல்லாரையும் ஏமாற்றும். இந்தப் பக்கத்தவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு: 1985இல் நடந்ததை எழுதும்போதும் "நாமக்கல் மாவட்டம்" என்று போட்டுவிடுவார்கள். அந்த மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997 ஜனவரி 1 அன்றுதான். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த கதையில் அணை வரக்கூடாது. ஆண்டு நினைவில் இல்லையென்றால் "நான் எட்டாவது படித்தபோது" என்று எழுதினால் போதும். ஊகித்து ஓர் ஆண்டைப் போட்டுவிட்டால் அடுத்து எழுதுபவர் அதையே மேற்கோளாக எடுப்பார்.

5. ஒரு வாரம் ஆறப் போடுங்கள். கோபத்தில் எழுதியது என்றால் ஒரு மாதம்.

6. சலியுங்கள். இதை எப்படிச் செய்வது என்று அடுத்து விரிவாகச் சொல்கிறேன்.

7. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். நீங்கள் பேசாத சொல் வாயில் இடறினால் எடுத்துவிடுங்கள்.

8. பொருளை நேராகச் சொல்லும் தலைப்பு வையுங்கள். உள்ளே இல்லாததைக் காட்டி ஆளை இழுக்கும் தலைப்பு ஒரு முறைதான் பலிக்கும்.

உ.வே.சா.விடம் கற்க வேண்டியது

தன்வரலாறான 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வரத் தொடங்கியபோது உ.வே.சாமிநாதையருக்கு வயது 85ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 1942இல் அவர் காலமானதால் தொடர் முடிவுபெறவில்லை. இன்றைய வலைப்பதிவருக்கு அது மிகப் பொருத்தமான முன்மாதிரி என்பது என் கருத்து. வாரம் ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், சொந்த வாழ்க்கை, சிறு சிறு நிகழ்ச்சிகள் என்றே அது நடக்கிறது.

அதில் நம் பக்கத்தோடு தொடர்புள்ள நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை 1880 அக்டோபரில் உ.வே.சா. பார்க்கப் போகிறார். தாம் படித்த நூல்களை அடுக்கிச் சொல்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று பட்டியல் நீள்கிறது. முதலியார் அசையவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பாவனையில் பேசிவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். உ.வே.சா.வின் வாழ்க்கையைத் திசைதிருப்பிய சந்திப்பு அது.

இதை அவர் எழுதியிருக்கும் முறையைக் கவனியுங்கள். தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, என்ன பேசினார்கள் என்பது இருக்கிறது. முதலில் தமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தையும் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் முதலியார் சிறுமைப்படவில்லை. படித்து முடிக்கும்போது அவர்மேல் நமக்கு மதிப்பு கூடுகிறது. நம்மை ஒருகாலத்தில் மட்டம் தட்டியவரைப் பற்றி எழுத வேண்டி வந்தால் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், உங்களுக்குள் என்ன ஏற்பட்டது என்று சொல்லுங்கள், அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

சலிக்கும் முறை

உங்கள் வாழ்க்கையை எழுதும்போது அம்மா, அண்ணன், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், பழைய சிநேகிதி எல்லாரும் கூடவே வருவார்கள். அவர்கள் யாரும் உங்களிடம் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி, "பஸ் ஸ்டாப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்" என்று எழுதினால் பெயரே வேண்டியதில்லை. யார் என்று ஊருக்கே தெரியும். உங்கள் பதிவு அன்று மாலைக்குள் வாட்ஸப் குழுவில் சுற்றும், பொழுதோட டீக்கடையில் அவர் காதுக்கும் போகும்.

வரைவில் வரும் ஒவ்வோர் ஆளுக்கும் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

1. இவர் குழந்தையா? ஆமாம் என்றால் பெயர், பள்ளி, படம் மூன்றும் வேண்டாம். உங்கள் சொந்தக் குழந்தைக்கும் இதுவே. அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பதிவு தேடலில் கிடைக்கும்.

2. இவருடைய நோய், கடன், திருமணச் சிக்கல், குழந்தையின்மை பற்றி எழுதியிருக்கிறேனா? எழுதியிருந்தால் கேட்காமல் வெளியிடக் கூடாது. தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவரின் கதையை உலகம் அறியத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பட்டறையில் அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதும் உங்கள் கவலையாக இருக்கட்டும்.

3. இதைப் படிப்பவர் இவரைத் தேடிவந்து தொல்லை தர வாய்ப்பு உண்டா?

மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டுச் சாதிவெறியால் கொல்லப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இந்த மண்ணில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் ஒரு படத்தை, யாருடைய காதலையோ பாராட்டும் ஒரு பத்தியை, நல்லெண்ணத்தோடு வெளியிட்டாலும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். சம்பந்தப்பட்ட இருவரும் தெளிவாகச் சம்மதிக்காத வரை எந்தக் காதலையும் எழுதாதீர்கள், எந்தப் படத்தையும் போடாதீர்கள். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

கேட்டு எழுதுவது எப்படி? "உங்களைப் பற்றி எழுதலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் "எழுதிக்கங்க" என்பார்கள், மரியாதைக்கு. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாரு, அந்தக் காட்டை வித்த கதையை எழுதியிருக்கறனுங்க, ஒருக்காக் கேளுங்க" என்று தொடங்குங்கள். பெரும்பாலும் அவர் தடுக்க மாட்டார்; விட்டுப்போன இரண்டு தகவலைத்தான் சேர்த்துச் சொல்வார். சொந்த வலைப்பதிவு தரும் இன்பங்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். எழுதுகிறேன் என்று சொன்னதும், பல ஆண்டாக வீட்டில் யாரும் கேட்காத கதைகள் வெளியே வருகின்றன.

"வேண்டாம்" என்று சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். ஊர், தொழில், வயது, ஆண் பெண் அடையாளம் ஆகியவற்றில் இரண்டையாவது மாற்றினால் ஆள் மறையும் என்றால், மாற்றியிருப்பதாகப் பதிவிலேயே ஒரு வரி சொல்லிவிட்டு வெளியிடலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது.

மாதொருபாகன் விவகாரம் சொல்வது

"எழுதினால் வம்பு" என்று வீட்டில் சொல்வார்கள். நாமக்கல் பக்கத்தில் அப்படிச் சொல்பவர்கள் மனத்தில் பெருமாள்முருகன் இருப்பார். ஆகவே நடந்ததைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரம் அதன் மையம், களம் திருச்செங்கோடு. நான்கு ஆண்டு யாரும் எதிர்க்கவில்லை. 2014 டிசம்பரில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. நூல் எரிப்பு, கடையடைப்பு என்று போராட்டம் வளர்ந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் மன்னிப்புக் கேட்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் அவர் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்துவிட்டு அவர் எழுத்தை நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு, அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுவார்த்தையில் எழுதிக்கொடுத்தது அவரைக் கட்டுப்படுத்தாது. ஒரு நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே அவருடைய புதிய நூல்கள் வரத் தொடங்கின.

இதிலிருந்து "ஊரைப் பற்றி எழுதாதே" என்ற பாடத்தை எடுத்தால் தவறு. அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. நமக்கு இதில் வேறு மூன்று செய்திகள் இருக்கின்றன.

1. நீங்கள் எழுதியதில் ஒரு பத்தி மட்டும் தனியாகச் சுற்றக்கூடும். சிக்கலான விஷயத்தை எழுதும்போது, அந்தப் பத்தியைத் தனியாகப் பிடுங்கி வைத்துப் படித்துப் பாருங்கள். தவறாகப் பொருள்படுமென்றால் சூழலை அந்தப் பத்திக்குள்ளேயே கொண்டுவாருங்கள்.

2. கூட்டத்தின் நெருக்கடியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், உடனே எதையும் அழிக்காதீர்கள். "வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். பதிவைத் தற்காலிகமாக வரைவு நிலைக்கு மாற்றி வைக்கலாம்.

3. "எங்கள் சமூகத்தின் மனம் புண்பட்டது" என்பதும், "என் வீட்டு விஷயத்தை எழுதிவிட்டாய்" என்பதும் வேறு வேறு. முதலாவது கருத்து வேறுபாடு. அதற்காக எழுத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொல்பவர் ஓர் உண்மையான ஆள், உங்களை நம்பிப் பேசியவர். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பதிவைத் திருத்துவதே நியாயம்.

சட்டம்: தெரிந்திருக்க வேண்டிய அளவு

இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென நீக்கிவிட்டது. அந்தப் பிரிவைச் சொல்லி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

அவதூறுச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பலர் அறியாத ஒன்று: குற்றவியல் அவதூறு வழக்கில் "நான் எழுதியது உண்மை" என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஆகவே ஒருவரைக் குற்றம்சாட்டி எழுதும் முன் கையில் ஆவணம் இருக்க வேண்டும். அது ஊருக்குத் தேவையான செய்தியாகவும் இருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் தகராறுக்கு வலைப்பதிவு இடமில்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். செய்தித்தாளில் ஊர்ப்பெயர் வந்துவிட்டதே என்று நீங்கள் தெருப்பெயரைச் சேர்க்கக் கூடாது.

பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். திரைப்பாடலை முழுக்க எடுத்துப் போடுவது, இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டுவது, இன்னொருவர் பதிவைப் பெயர் சொல்லாமல் எடுப்பது மூன்றும் கூடாது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவருடைய தன்வரலாறான 'என் கதை'யிலிருந்து தாராளமாக எடுத்தாளலாம். அப்போதும் பெயரைச் சொல்லி எடுப்பதே முறை.

படங்களும் வீட்டுப் பாதுகாப்பும்

கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். வண்டி எண், வீட்டு எண், பத்திரம், ஆதார் எதுவும் படத்தின் ஓரத்தில்கூட வரக்கூடாது.

பயணப் பதிவை ஊர் திரும்பிய பிறகு வெளியிடுங்கள். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ இருந்துகொண்டே போட்டால் வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். இதைவிட முக்கியமாக ஒன்று: தோட்டத்து வீட்டில் வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள் என்பதை எந்தப் பதிவிலும், எந்த உருக்கத்திலும் சொல்லாதீர்கள். கொங்குப் பகுதியில் தனித்த தோட்டத்து வீடுகளில் முதியோரைக் கொன்று கொள்ளையடித்த நிகழ்ச்சிகள் மீண்டும் மீண்டும் நடந்திருக்கின்றன. பொங்கலுக்குப் பெற்றோரைப் பற்றி எழுதலாம். அவர்கள் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்பது வேண்டாம்.

வழக்கமாக நேரும் தவறுகள்

முதல் மாதம் தினம் ஒரு பதிவு, இரண்டாம் மாதம் மௌனம். மாதம் இரண்டு என்று வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பது. அந்த எண்ணுக்கு ஏற்ப எழுதத் தொடங்கினால் சேகோ மில் போய் சினிமாச் செய்தி வந்துவிடும்.

பழைய பதிவைச் சத்தமில்லாமல் மாற்றுவது. பிழை கண்டால் திருத்துங்கள். என்று, எதைத் திருத்தினீர்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். படிப்பவர்கள் உங்களை நம்புவதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணமாக இருக்கும்.

நேற்றைய சண்டைக்குப் பதிவில் பதில் சொல்வது. திட்டி எழுதியவருக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம். தகவல் பிழையைச் சுட்டியவருக்குக் கட்டாயம் நன்றி சொல்ல வேண்டும். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1930 என்ற எண்ணை அழைக்காதீர்கள். அது பண மோசடிக்கானது. சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலோ மாவட்ட சைபர் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

எழுதியதைக் காப்பாற்றுவது

தமிழ் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் பெருகத் தொடங்கின. அவற்றைத் திரட்டித் தருவதற்காக 2004இல் தமிழ்மணம் வந்தது. அன்று எழுதப்பட்டவற்றில் பல இன்று திறப்பதில்லை. இடம் கொடுத்த நிறுவனம் சேவையை மூடுவதும் உண்டு: ஜியோசிட்டீஸ் 2009இல் போயிற்று, கூகுள் பிளஸ் 2019இல் போயிற்று. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023இல் அறிவித்தது.

1. ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், வலைப்பதிவு அமைப்பில் உள்ள ஏற்றுமதி வசதியால் முழுவதையும் தரவிறக்குங்கள்.
2. படங்களைத் தனியாகச் சேமியுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் இணைப்பாக மட்டுமே இருக்கக்கூடும்.
3. முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பதிந்துவையுங்கள்.
4. கூகுளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்ற வசதி இருக்கிறது. உங்களுக்குப் பின் யார் கையில் இது போக வேண்டும் என்பதை அங்கே குறித்துவிடுங்கள். அவரிடம் நேரிலும் சொல்லிவையுங்கள்.
5. நல்ல பதிவுகள் இருபது சேர்ந்ததும் அச்செடுத்துக் கட்டுப் போடுங்கள். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒரு பிரதி நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு.

உங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்த தறிக்காரரோ லாரி ஓட்டுநரோ கொடிக்கால்காரரோ இருந்தால் முதல் பதிவுக்கு அவரிடம் போங்கள். மற்ற பொருள்கள் அடுத்த ஆண்டுக்கும் காத்திருக்கும்.